இதுவும் அதுவும் ஒன்றுதானா?

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பாதையில் இருபுறமும் தேயிலைதான். மலைகளுக்கு நடுவே ஒரு கடைத்தெரு. சம்பள நாளன்று மட்டும் அங்கே நடக்க இடமிருக்காது. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படியொரு நாளில் அந்தத் தெருவிலுள்ள ஒரு பாமசியின் முன்னால் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி, மடியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அரசாங்க கிளினிக்கில் அவருடைய மகனுக்குக் கொடுத்த வலிப்பு மாத்திரைகள் அதில் இருந்தன.

"ஐயா, போன மாசம் குடுத்தது வேற நெறம். இந்த மாசம் இதக் குடுத்துருக்காங்க. இதுவும் அதுவும் ஒன்னுதானா?"

கடைக்காரர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "பேரு ஒன்னுதாம்மா. கம்பனிதான் வேற."

"பேரு ஒன்னா இருந்தாப் போதுமா?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் 'ஒரிஜினல்' மாத்திரையில் பத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவனுக்கு ஒரு கேள்வி தைத்துவிட்டால் அதை விடமுடிவதில்லை. வீடு திரும்பிப் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அந்த மூதாட்டி கேட்ட கேள்வியை வைத்து இந்த நாட்டில் ஒரு பெரும் போராட்டமே நடந்திருக்கிறது. உலகின் பெரிய ஆய்வுகூடங்களும் நீதிமன்றங்களும் அதே கேள்வியோடு அரை நூற்றாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோட்டப்புறத்தில் மருந்தின் கதை பழையது. கோப்பித் தோட்டங்களின் காலத்திலேயே, 1872 இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த கூலிகள் வழியிலும் லயத்திலும் மடிந்துகொண்டிருந்த காலம் அது. ஆளில்லாமல் கோப்பி இல்லை என்ற கணக்கிலேனும் அவர்களுக்கு மருந்து கொடுக்கவேண்டிய கட்டாயம் பிறந்தது. அதன்பின் வந்த தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து போத்தலில்தான் கிடைத்தது. நோயாளி வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோவார், டிஸ்பென்சர் கலவையை ஊற்றிக் கொடுப்பார். அந்த மருந்துக்குக் கம்பனிப் பெயர் கிடையாது. அது நல்லதா கெட்டதா என்பதற்குக் குணமானதும் ஆகாததுமே சான்று.

கம்பனிப் பெயர்கள் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். நுண்ணுயிர்க் கொல்லிகளும் நீரிழிவு மாத்திரைகளும் வலிப்பு மருந்துகளும் வர்த்தகப் பெயரோடு வந்து இறங்கின. ஒரே சரக்கு பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் விற்றது. மருத்துவர்கள் சரக்கின் பெயரை எழுதாமல் கம்பனியின் பெயரை எழுதினார்கள். வறிய நாடொன்றின் அந்நியச் செலாவணி பெயருக்காகக் கரைந்துகொண்டிருந்தது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920 இல் ஊவாவின் பிபிலையில் பிறந்தவர். மருந்தியல் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த இடதுசாரி. 1970 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்ததும், கம்யூனிஸ்ட் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து நாட்டின் மருந்துத் தேவை பற்றி ஓர் அறிக்கை தயாரித்தனர். 1971 இல் அது வெளிவந்தது. அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் பிபிலே.

அவர் செய்தது சொல்லும்போது எளிது. தனியார் துறை இறக்குமதி செய்த ஏறத்தாழ 2100 மருந்துகளைச் சுமார் 600 ஆகக் குறைத்தார். இறக்குமதியைக் கூட்டுத்தாபனத்தின் கைக்குள் கொண்டுவந்தார். உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரிக் குறைந்த விலையில் வாங்கினார். கம்பனிப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரில் மருந்தை எழுதச் சொன்னார். பின்னர் ஆக்ஸ்போர்டு பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து அந்த அனுபவத்தை 1977 இல் அவர் கட்டுரையாக எழுதினார். வளர்முக நாடுகளின் மருந்துக் கொள்கை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதற்குத் திரும்புகிறார்கள்.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. 1974 இல் வாந்திபேதி பரவியது. நாட்டில் பஞ்சம், தோட்டப்புறத்தில் பட்டினிச் சாவுகள் நேர்ந்த காலம். டெட்ராசைக்கிளின் குளிசைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. கூட்டுத்தாபனம் வாங்கிவைத்திருந்த மூலப்பொருளைக் கொண்டு அவற்றைச் செய்து தருமாறு, இலங்கையில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபைசர் நிறுவனத்தைக் கேட்டார்கள். மூலப்பொருளின் தரத்தைக் காரணம் காட்டி நிறுவனம் மறுத்தது. குளிசைகளை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைக்க நேர்ந்தது. அந்தத் தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் நேரே பிரதமரிடம் தலையிட்டார். உணவு உதவியை நம்பியிருந்த நாடு பின்வாங்கியது.

கம்பனிகள் முன்வைத்த வாதம் என்ன? 'பெயர் ஒன்றானாலும் மருந்து ஒன்றல்ல' என்பதுதான். உலகம் முழுவதும் அவை அன்று இதையே சொல்லின. இடதுசாரி நண்பர்கள் பலர் இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கினார்கள். பெரும்பகுதி தந்திரம்தான். ஆனால் அதற்குள் ஓர் உண்மையும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு அரைகுறையாகிவிடும்.

1968 இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வலிப்பு நோயாளிகள் பலர் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள். பார்வை இரட்டையாகத் தெரிந்தது, நடை குழறியது. ஃபெனிடோயின் நஞ்சாகியிருந்தது. ஆனால் எவரும் கூடுதலாக விழுங்கவில்லை. குளிசையில் இருந்த ஃபெனிடோயினின் அளவும் மாறவில்லை. மாறியது நிரப்புப் பொருள் மட்டுமே. கல்சியம் சல்பேற்றுக்குப் பதிலாக லக்டோசு சேர்த்திருந்தார்கள். முன்பு முழுமையாக உறிஞ்சப்படாமல் போய்க்கொண்டிருந்த மருந்து, இப்போது கூடுதலாக இரத்தத்தில் சேர்ந்துவிட்டது. 1971 இல் அமெரிக்க மருத்துவர் லிண்டன்பாம் இதய மருந்தான டிகொக்சினை ஆராய்ந்தார். ஒரே அளவு மருந்து கொண்ட வெவ்வேறு தயாரிப்புகள் இரத்தத்தில் ஏழு மடங்கு வரை வேறுபடுவதைக் கண்டார்.

ஆக, மருந்தின் பெயரும் உறையில் அச்சிட்ட மில்லிகிராமும் சேர்ந்தாலும் போதாது. மாத்திரை வயிற்றில் கரைய வேண்டும், குடலைக் கடக்க வேண்டும், இரத்தத்தில் சேர வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு விரைவாகச் சேர்ந்தது என்பதை அளந்தாலன்றி ஒன்றா வேறா என்று சொல்லமுடியாது. அக்கரப்பத்தனை மூதாட்டியின் இரண்டாவது கேள்வி இதுதான். அதுவும் வலிப்பு மருந்தைப் பற்றியே அவர் கேட்டிருந்தார்.

அந்த அளவீட்டை மலையகத்தவருக்குப் புரியும்படி சொல்கிறேன். ஆக்ரா ஓயாவில் மழைக்குப் பிறகு வெள்ளம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தடியில் நின்று நேரத்துக்கு நேரம் நீர்மட்டத்தைக் குறித்தால் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். நீர் எட்டிய மிகப் பெரிய உயரம் ஒன்று. அதை எட்ட எடுத்த நேரம் ஒன்று. வெள்ளம் வடிந்து முடியும்வரை பாலத்தைக் கடந்த மொத்த நீர் ஒன்று. வடிகிற வேகம் ஒன்று. மருந்து இயக்கவியல் இரத்தத்தில் பார்ப்பதும் இவற்றைத்தான்: உச்சச் செறிவு, உச்சத்தை எட்டும் நேரம், வளைகோட்டின் கீழுள்ள பரப்பு, அரை ஆயுள். பரப்பு என்பது உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்தின் அளவுகோல். உச்சம் மிக உயர்ந்தால் நஞ்சு, பரப்பு மிகக் குறைந்தால் நோய் திரும்பும்.

இதற்கான சோதனையும் நேர்மையான எளிமை கொண்டது. பெரும்பாலும் 24 முதல் 36 வரையான ஆரோக்கியமான தொண்டர்கள். ஒருவருக்கே முதலில் ஒரு தயாரிப்பு. உடலிலிருந்து அது நீங்கும்வரை இடைவெளி. பிறகு மற்றத் தயாரிப்பு. ஒவ்வொரு முறையும் பல தடவை இரத்தம் எடுத்து இரண்டு வளைகோடுகளையும் ஒப்பிடுவார்கள். ஒரே உடல் இரண்டையும் கண்டதால், உடலுக்கு உடலுள்ள வேறுபாடு குறுக்கே வராது.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் எண் வருகிறது: 80 முதல் 125 சதவீதம். 'மலிவு மருந்தில் 20 சதவீதம் சரக்குக் குறையலாமாம்' என்று மருத்துவர்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. மாத்திரைக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைப் பற்றிய விதி அல்ல இது. இரண்டு தயாரிப்புகளின் பரப்பையும் உச்சத்தையும் விகிதமாகக் கணக்கிட்டு, அந்த விகிதத்துக்கான 90 சதவீத நம்பக இடைவெளி முழுவதும் 80க்கும் 125க்கும் உள்ளே அடங்கவேண்டும் என்பதே விதி. சராசரி விளிம்புக்குப் போனாலே இடைவெளியின் ஒரு முனை வெளியே விழுந்துவிடும், மருந்து தோற்றுவிடும். ஒருபக்கம் 20, மறுபக்கம் 25 என்று ஏன் இருக்கிறது என்றால், விகிதக் கணக்கில் ஐந்தில் நான்குக்கு எதிர்ப்பக்கம் நான்கில் ஐந்துதான். நடைமுறை இன்னும் இறுக்கமானது. 1996 முதல் 2007 வரை அமெரிக்கா அனுமதித்த பொதுப்பெயர் மருந்துகளின் 2070 சோதனைகளைப் பின்னர் தொகுத்துப் பார்த்தபோது, மூல மருந்துக்கும் அவற்றுக்கும் பரப்பில் சராசரியாக 3.56 சதவீதமும் உச்சத்தில் 4.35 சதவீதமும்தான் வேறுபாடு. சிறு மாற்றமும் ஆபத்தாகும் மருந்துகளுக்கு ஐரோப்பா எல்லையை 90 முதல் 111 வரை நெருக்கியிருக்கிறது.

இனி 1977 க்கு வருவோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உயிரியற் சமானத்துக்கான விதிகளை வெளியிட்டது அந்த ஆண்டில். உலக சுகாதார நிறுவனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அந்த ஆண்டில். பிபிலே இலங்கையில் செய்துகாட்டியதற்கு உலகம் தந்த அங்கீகாரம் என்றே அதைச் சொல்லவேண்டும். அதே ஆண்டு ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. கூட்டுத்தாபனத்தின் ஏகபோக இறக்குமதி முடிவுக்கு வந்தது. செப்டம்பர் 29 ஆம் திகதி, ஐ.நா. பணியாகச் சென்றிருந்த கயானா நாட்டில் பிபிலே காலமானார். வயது 57.

மலிவான பொதுப்பெயர் மருந்து என்ற பாதியை இலங்கை முதலில் கண்டது. சமானத்தை அளந்து நிரூபிக்கும் மறுபாதியைச் செல்வந்த நாடு கண்டது. 1984 இல் அமெரிக்கா இரண்டையும் ஒரு சட்டத்தில் பூட்டியது: மூல மருந்தின் பெரும் சோதனைகளை மீண்டும் நடத்தத் தேவையில்லை, இரத்தத்தில் சமானம் காட்டினால் போதும். அன்று ஐந்து மருந்துச்சீட்டில் ஒன்றுக்கும் குறைவாகவே பொதுப்பெயர் மருந்து கிடைத்த நாட்டில் இன்று பத்தில் ஒன்பது அதுதான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இதை வாசிப்பவர்கள் தம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஊரிலுள்ள அம்மாவுக்கு 'நல்ல மருந்து' என்று அனுப்பிவைப்பதும் அநேகமாகப் பொதுப்பெயர் மருந்தாகவே இருக்கும். அங்கே அது நம்பிக்கை பெற்றது அளந்து பார்த்ததனால்தான்.

இந்த அளவுகோலைப் பெரிய கம்பனிகளும் தம் பக்கத்துக்குத் திருப்பிப் பார்த்தன. அந்த வழக்கு நம் சென்னையிலேயே தொடங்கியது. இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் புதிய படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. பழைய வடிவத்தைவிட 30 சதவீதம் கூடுதலாக அது உடலுக்குக் கிட்டுகிறது என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2006 இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2007 இல் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புக் கூறியது: இரத்தத்தில் கூடுதலாகச் சேர்வது மட்டுமே போதாது, அதனால் நோயைக் குணமாக்கும் ஆற்றல் கூடியதென்று காட்டவேண்டும். அந்த எண்ணை எதற்குச் சான்றாக ஏற்கலாம், எதற்கு ஏற்கலாகாது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

எண் பொய் சொல்லாது. எண்ணை எழுதுகிறவர் சொல்லலாம். 2013 இல் இந்தியாவின் ரான்பாக்சி நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டொலர் செலுத்தியது. 2015 இல் ஹைதராபாத் சோதனை நிலையமொன்றின் பதிவுகளில் முறைகேடு கண்ட ஐரோப்பிய ஒன்றியம், அதை நம்பி அனுமதி பெற்ற சுமார் 700 மருந்துகளை இடைநிறுத்தப் பரிந்துரைத்தது. குடலில் கரைவது கடினமான மருந்து வகைகளுக்கு உயிரியற் சமானச் சோதனையை இந்தியா கட்டாயமாக்கியதே 2017 இல்தான். இலங்கை மருந்துகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால் இவையெல்லாம் நமக்கு அந்நியச் செய்திகள் அல்ல.

பிபிலேயின் கொள்கையைச் சட்டமாக்க இலங்கைக்கு மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பிறந்தது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, மருந்தும் இல்லை. இந்தியக் கடனிலும் நன்கொடையிலும் மருந்து வாங்கினார்கள். பதிவு நடைமுறையைத் தளர்த்தி அவசரக் கொள்வனவுகள் செய்தார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது தவிர்க்கமுடியாதது என்றார்கள். அதன் விலை 2023 இல் தெரிந்தது. நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர், அதன்பின் இட்ட பிரெட்னிசொலோன் கண்துளி மருந்தால் பார்வை இழந்தனர். அக்கரப்பத்தனை மக்களும் போகும் பெரிய ஆஸ்பத்திரி அது. அதே ஆண்டு தரமற்ற நோயெதிர்ப்புப் புரத ஊசி மருந்து விவகாரம் வெடித்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதுசெய்யப்பட்டார்.

ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். கண்துளி மருந்தில் நேர்ந்தது கிருமித் தொற்று. இரத்த வளைகோடு வரைந்து பார்த்தாலும் அது அகப்படாது. தொழிற்சாலையின் தூய்மை, சரக்கின் அளவு, அது கரையும் தன்மை, இரத்தத்தில் சேரும் விதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காவல் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதி மதில் கட்டிய கதைதான்.

2023 இல் நடந்தவற்றைக் காட்டி, 'பார்த்தீர்களா, பொதுப்பெயர் மருந்தே ஆகாது, கம்பனி மருந்தே கதி' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பிபிலேயைத் தோற்கடிக்க அன்று சொன்னதும் இதுவே. நான் படித்தவரையில் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பொதுப்பெயர் மருந்து தோற்றது அளக்காமல் விட்ட இடத்தில். அளந்த இடங்களில் அது கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வசதியுள்ளவருக்கு ஐயம் வந்தால் காசு கொடுத்துப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். கொழுந்துக் கூடையின் எடைக்கு நாட்சம்பளம் வாங்குகிறவருக்குக் கிளினிக் கொடுப்பதுதான் மருந்து. பரப்பு, உச்சம், 80 முதல் 125 என்ற இந்த வறண்ட எண்களின் அவசியம் அவருக்குத்தான் அதிகம்.

அக்கரப்பத்தனை மூதாட்டிக்கு இன்று பதில் சொல்வதாயிருந்தால் இப்படிச் சொல்வேன்: அம்மா, நிறம் மாறியதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயரோடு கம்பனியின் பெயரையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். மாறிய பிறகு மகனுக்குத் தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்பு மருந்தில் அதைக் கேட்பது உங்கள் உரிமை. 'பேரு ஒன்னா இருந்தாப் போதுமா' என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. போதாது. போதுமான மற்றதை அளந்து பார்த்தோம் என்று சொல்லவேண்டியவர்கள் கடைக்காரருக்கு மேலே, கொழும்பில் இருக்கிறார்கள்.

அந்தச் சோதனைத் தாள்களை எவரும் பார்க்கும்படி வெளியிட்டால் என்ன என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது கேட்கலாம். மலையகத்திலிருந்து போகிறவர்கள் முதலில் கேட்கலாம்.